வலையின் நிறத்தைப் பாருங்கள்: பாசி ஸ்கிரப்பர் கோளாறுகளும் சரிசெய்யும் முறையும்

தொட்டிக் கண்ணாடியில் பாசி படிந்தால் சுரண்டி எறிகிறோம். அதே பாசியை நாம் காட்டும் இடத்தில் வளரவிட்டு, வாரம் ஒருமுறை அறுத்து எடுத்தால் அது நமக்கு வேலை செய்யும். ஸ்கிரப்பர் என்பது அவ்வளவுதான். பி.வி.சி. குழாயில் நீளக் கீற்று (பிளவு) ஒன்றை அறுத்து, அதில் சொரசொரப்பான பிளாஸ்டிக் வலையைச் செருகித் தொங்கவிட வேண்டும். மோட்டார் ஏற்றும் தண்ணீர் வலையின் இருபுறமும் வழிய வேண்டும். இருபுறமும் விளக்கு எரிய வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் மூன்றையும் உறிஞ்சிப் பாசி வளரும். அதைச் சுரண்டி எடுக்கும்போது அவையும் தொட்டியை விட்டு வெளியேறுகின்றன. விளக்குக்கு ஆகும் மின்சாரம்தான் அந்தப் பாசிக்கு நாம் கொடுக்கும் கூலி.

இது புதிய தந்திரம் அல்ல. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பவளப்பாறை ஆய்வு செய்த வால்டர் ஏடி 1982-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய கருவியில் ஒரு வாளி நிரம்பி நிரம்பிக் கவிழ்ந்து அலைபோலத் தண்ணீரை அடித்தது. வீடுகளில் இன்று நாம் வைப்பது அருவி வகை.

என்னுடையது சென்னையில் ஒரு 300 லிட்டர் நன்னீர்த் தொட்டி. கொளத்தூரில் வாங்கிய மலாவி ஏரி சிக்லிட் மீன்கள். நம் போர் தண்ணீரின் கடினத்தன்மை பல மீன்களுக்கு ஆகாது. இவற்றுக்கு அதுவே சொர்க்கம். ஆனால் தின்னும், கழியும், மீண்டும் தின்னும். அதனால்தான் ஸ்கிரப்பர். வலை 15 சென்டிமீட்டருக்கு 15. விளக்கு, பக்கத்துக்கு 10 வாட் செடி வளர்க்கும் சிவப்பு எல்.ஈ.டி. இதெல்லாம் சம்ப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சம்ப் என்றால் சென்னைக்காரர்களுக்கு வாசலில் தரைக்கடியில் இருப்பது நினைவுக்கு வரும். இது மீன் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இருக்கும் சின்னக் கண்ணாடித் தொட்டி.

கோளாறு எதுவானாலும் முதலில் தொட்டியைப் பார்க்காதீர்கள், வலையைப் பாருங்கள். தொட்டி சொல்ல ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும் செய்தியை வலை ஒரு வாரத்தில் சொல்லிவிடும். இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பத்து நாள் பொறுங்கள். விளக்கையும் தீனியையும் மோட்டாரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் விழித்தவன் நான்.

கருப்பாக, தார் பூசியதுபோல் இருக்கிறது

விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு கையோடு வரும். தண்ணீரில் சத்து மிகுதி, வெளிச்சம் போதவில்லை என்று பொருள். புதிதாக வைத்த ஸ்கிரப்பரில், அதுவும் பழைய அழுக்குத் தொட்டியில், முதல் சில வாரம் இப்படி இருப்பது இயல்பு. சத்து குறையக் குறையக் கருப்பு பழுப்பாகும், பழுப்பு பச்சையாகும். பொறுமைதான் மருந்து.

ஆனால் நன்றாகப் பச்சையாக ஓடிக்கொண்டிருந்த வலை திடீரென்று கருத்தால் விளக்கைச் சந்தேகியுங்கள். எனக்கு நடந்தது இது: விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, பார்வைக்குக் குறையொன்றும் இல்லை. மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தெறித்த துளிகள் காய்ந்து, காய்ந்த இடத்தில் மீண்டும் தெறித்து, கண்ணாடி முழுவதும் சுண்ணாம்புப் படலம் ஏறியிருந்தது. குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். மூன்றே வாரத்தில் பால் கண்ணாடி ஆகிவிட்டது. வினிகரில் நனைத்த துணியால் துடைத்தேன். அடுத்த அறுவடைக்குள் பச்சை திரும்பிவிட்டது. போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இதை மாதம் இருமுறை செய்யலாம்.

கண்ணாடி சுத்தமாக இருந்தும் கருப்பு மாறவில்லையென்றால், விளக்கு எரியும் நேரத்தை 12 மணியிலிருந்து 16-க்கும், தேவைப்பட்டால் 18-க்கும் கொண்டுபோகலாம். அதற்கு மேல் வேண்டாம். பாசிக்கும் இருட்டு தேவை. அப்படியும் கருத்தால் வலை சிறிது, தீனி பெரிது. பொழுதுபோக்காளர்களிடையே புழங்கும் கணக்கு இது: இருபுறமும் வெளிச்சம் படும் வலையில் 75 சதுர சென்டிமீட்டர், நாளொன்றுக்குச் சுமார் 3 கிராம் குருணைத் தீனியைச் சமாளிக்கும். என் வலை 225 சதுர சென்டிமீட்டர், ஆகவே 9 கிராம். சமையலறைத் தராசில் ஒருநாள் நிறுத்துப் பாருங்கள். ஒரு சிட்டிகைதான் போடுகிறேன் என்பவர்கள் வீட்டில் அந்தச் சிட்டிகையை யார் யார் எத்தனை முறை போடுகிறார்கள் என்பதும் தெரியவரும். எங்கள் வீட்டில் மூன்று பேர் போட்டுக்கொண்டிருந்தோம்.

மஞ்சளாக, ரப்பர் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது

மேற்சொன்னதற்கு நேர் எதிர். வெளிச்சம் மிகுதி, சத்து குறைவு. அல்லது சத்து இருந்தும் தண்ணீர் போதிய வேகத்தில் அதைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. முதலில் நீரோட்டத்தை அளந்து பாருங்கள் (அடுத்த பகுதியில் முறை இருக்கிறது). அது சரியாக இருந்தால் விளக்கு நேரத்தை இரண்டு மணி குறையுங்கள், அல்லது விளக்கைச் சில சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள்.

மீன் நிறைய இருக்கிறது, தீனியும் போகிறது, நைட்ரேட்டும் இருக்கிறது, ஆனாலும் பாசி வெளிர்மஞ்சள் பச்சையாகச் சோர்ந்திருக்கிறது என்றால் இரும்புச்சத்துக் குறையாக இருக்கலாம். நீர்ச்செடித் தொட்டிகளுக்கு விற்கும் இரும்புச்சத்துத் திரவத்தைப் போத்தலில் எழுதிய அளவில் பாதி ஊற்றிப் பாருங்கள்.

பச்சைக்கு நடுவே மொட்டைக் கோடுகள்

மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் பாசியே இல்லாத பட்டைகள் தெரிந்தால் அங்கே தண்ணீர் இறங்கவில்லை. கீற்றில் அடைப்பு. பெரும்பாலும் பாசியே கீற்றுக்குள் ஏறி வளர்ந்து வழியை மறித்திருக்கும். சில நேரம் நத்தைக்குஞ்சு. குழாயைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் கீற்றை நீளவாக்கில் தேயுங்கள். கீற்றின் விளிம்பில் வெள்ளையாகக் கெட்டிப் படிவு இருந்தால் தேய்த்துப் பயனில்லை, வினிகரில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். பாசி ஒளிச்சேர்க்கை செய்யும் இடத்தில் பி.எச். (நீரின் அமில-கார அளவு) உயர்கிறது, கடின நீரில் அந்த இடத்தில்தான் சுண்ணாம்பு முதலில் இறங்கும்.

மீண்டும் வராமல் தடுக்க, குழாயின்மேல் வெளிச்சம் விழாதபடி கருப்பு பிளாஸ்டிக் தாளை மடித்துப் போர்த்துங்கள். கீற்றின் அகலம் 3 மில்லிமீட்டர் இருக்கட்டும். சன்னமாக அறுத்தால் அருவி அழகாக இருக்கும், இரண்டே வாரம்.

கோடுகள் இல்லாமல், வலையின் ஓரங்கள் மட்டும் காய்ந்திருந்தால் மொத்த நீரோட்டமே குறைவு. அகலத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மணிக்கு 50 லிட்டர் வேண்டும். என் 15 சென்டிமீட்டர் வலைக்கு 750 லிட்டர். மோட்டார் பெட்டியில் 1200 என்று போட்டிருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். அது தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாதபோது வரும் எண். அளக்க எளிய வழி, வலையைக் கழற்றிவிட்டுக் குழாயின் கீழே 10 லிட்டர் வாளியை வைத்துக் கைப்பேசியில் நேரம் பார்ப்பது. 48 நொடிக்குள் நிரம்பினால் 750 லிட்டர் வருகிறது. என் வீட்டில் முதல்முறை அளந்தபோது ஒரு நிமிடம் இருபது நொடி ஆனது. மோட்டாரைத் திறந்தால் உள்ளே சுழலியில் தலைமுடி. மீன் தொட்டிக்குள் தலைமுடி எப்படிப் போகிறது என்பதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை.

வலை வெளுத்துப்போய்விட்டது

இரண்டு வகை வெளுப்பு உண்டு. நகத்தால் கீறினால் கரகரவென்று உதிர்ந்து, ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைத்தால், அது சுண்ணாம்பு. பயமில்லை, ஊறவைத்துத் தேய்த்தால் போதும். தொட்டால் பஞ்சுபோல் கூழாக வந்தால் அது செத்த பாசி. இதற்குத்தான் அவசரம்.

பாசி சாகப் பொதுவான காரணம் காய்ந்துபோவது. தண்ணீர் நின்று விளக்கு மட்டும் எரிந்தால் சில மணி நேரமே அதிகம். நம் ஊரில் இதற்கு ஒரு தனி வழி இருக்கிறது, வெளிநாட்டு வழிகாட்டிகளில் காணாத வழி. பல வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும் இருக்கும். விளக்கின் டைமரைப் பக்கத்திலிருந்த இன்வெர்ட்டர் பிளக்கிலும், மோட்டாரை வேறு பிளக்கிலும் செருகியிருந்தேன். மே மாத மதியம், மூன்று மணி நேர மின்தடை. மோட்டார் நின்றது. விளக்கு கடமை தவறாமல் எரிந்தது. மாலையில் வந்து பார்த்தால் வலை அப்பளம். அன்றே இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு மாற்றினேன். நின்றால் இரண்டும் நிற்கட்டும். இருட்டில் ஈரம் வெகுநேரம் தங்கும்.

காய்ந்த வலையைக் கண்டதும் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் விட்டால் உயிர்த்துவிடும் என்று தோன்றும். செய்யாதீர்கள். செத்த பாசி இதுவரை உறிஞ்சி வைத்ததையெல்லாம் தொட்டிக்கே திருப்பிக் கொடுக்கும், முதலில் அம்மோனியாவாக. பி.எச். 8-க்கு மேல் இருக்கும் சிக்லிட் தொட்டியில் அம்மோனியாவின் நச்சுத்தன்மை பல மடங்கு. வலையை முதலில் வெளியே எடுத்து, முழுவதும் சுரண்டிக் கழுவி, பிறகு மாட்டுங்கள். ஏற்கெனவே தண்ணீர் விட்டுவிட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த மீன்கள் இரண்டு நாள் பட்டினியில் சாகாது.

மோட்டார் ஓடியே இருந்தது, ஆனாலும் செத்துவிட்டது என்றால் சமீபத்தில் மீனுக்கு என்ன மருந்து போட்டீர்கள் என்று யோசியுங்கள். வெண்புள்ளி நோய்க்கு விற்கும் மருந்துகள் சிலவற்றில் தாமிரம் இருக்கும்; தாமிரம் பாசிக்கொல்லி. நோய் மீனைத் தனித் தொட்டியில் வைத்து மருந்து கொடுப்பதே நல்லது.

கொத்துக் கொத்தாகப் பிய்ந்து சம்ப்பில் விழுகிறது

இரண்டு காரணம்தான். ஒன்று, அறுவடை தள்ளிப்போய்விட்டது. படலம் இரண்டு சென்டிமீட்டர் தடித்தால் அடியில் இருக்கும் பாசிக்கு வெளிச்சமும் இல்லை, புதுத் தண்ணீரும் இல்லை. அது அழுகி வேரறுத்துவிடும். மேலே பச்சைப் பசேல் என்று இருப்பதைக் கண்டு, இன்னும் ஒரு வாரம் விட்டால் இன்னும் நிறைய கிடைக்குமே என்ற ஆசைதான் இதற்கு மூலம். ஏழு நாளுக்கு ஒருமுறை எடுங்கள், வளர்ச்சி மந்தமாக இருந்தால் பத்து நாள்.

இரண்டாவது, வலை சொரசொரப்பாக இல்லை. கம்பளி நூல் வேலைப்பாட்டுக்கு விற்கும் பிளாஸ்டிக் வலை கடையிலிருந்து வரும்போது வழவழப்பாக இருக்கும். இரும்பறுக்கும் வாள் பிளேடால் இருபுறமும், குறுக்கிலும் நெடுக்கிலும், கள்ளிச்செடி போல முள் முள்ளாக நிற்கும்வரை கீற வேண்டும். கை வலிக்கும். அரைமணி கீறியபின் போதும் என்று தோன்றும். இன்னும் அரைமணி கீறுங்கள். கடல்நீர்த் தொட்டியைவிட நன்னீரில் பாசி மென்மையானது, பிடிப்பு குறைவு, ஆகவே நமக்கு இது இன்னும் முக்கியம்.

வலை பச்சைப் பசேல், ஆனால் நைட்ரேட் குறையவே இல்லை

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். ஒவ்வொரு ஞாயிறும் கைநிறைய பாசி எடுக்கிறேன், சோதனைக் குப்பி லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்றே காட்டுகிறது. வலையைப் பெரிதாக்கலாமா, இன்னொன்று வைக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் சோதனைக் குப்பியை அலசிய கையோடு, விளையாட்டாக, மாற்றுவதற்குப் பிடித்துவைத்த போர் தண்ணீரையே சோதித்தேன். 35-க்கும் 40-க்கும் இடையே நின்றது நிறம்.

வாராவாரம் நைட்ரேட்டை எடுத்துவிட்டு, வாராவாரம் நைட்ரேட்டை ஊற்றிக்கொண்டிருந்தேன். இதில் ஊழல் எதுவும் இல்லை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரிலேயே லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை அனுமதி உண்டு. நெருக்கமான குடியிருப்புகளில் கழிவுநீர் கசிந்து நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறுவதும் புதிதல்ல. தீர்வு, தண்ணீர் மாற்றும் அளவைக் குறைத்தேன். மாற்றும் தண்ணீரில் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்தேன். மலாவி மீன்களுக்குக் கடினத்தன்மை வேண்டும் என்பதால் முழுக்க ஆர்.ஓ. கூடாது. ஆறு வாரத்தில் 15-க்கு வந்தது.

ஆகவே வலை ஆரோக்கியமாக இருந்தும் எண் இறங்கவில்லையென்றால் முதலில் உள்ளே வரும் தண்ணீரைச் சோதியுங்கள். அடுத்து, பழைய வடிகட்டிப் பஞ்சைப் பாருங்கள்: அதில் சிக்கிய கழிவு அங்கேயே மக்கி நைட்ரேட் ஆகிக்கொண்டிருக்கும். இன்னொன்று, உங்கள் சோதனைக் குப்பி நைட்ரேட்டைக் காட்டுகிறதா, நைட்ரேட்-நைட்ரஜனையா என்று அட்டையைப் படியுங்கள். பின்னதை 4.4 ஆல் பெருக்கினால்தான் முன்னது. இரு நண்பர்கள் தங்கள் எண்களை ஒப்பிட்டுச் சண்டை போட இது ஒன்றே போதும்.

நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் மட்டும் இறங்கவில்லை என்ற எதிர்நிலையும் உண்டு. பாசிக்கு இரண்டும் சேர்ந்து வேண்டும், நைட்ரஜன் பல மடங்கு கூடுதலாக. ஒன்று தீர்ந்தால் மற்றதையும் அது தொடாது. தீனியைக் கூட்டினால் சரியாகலாம். கேட்க முரணாக இருந்தாலும்.

சத்தம், தெறிப்பு, தரையில் ஈரம்

அருவி ஓசை இரவில் பெரிதாகக் கேட்டால் வலையின் கீழ்முனை தண்ணீர்ப் பரப்பைத் தொடும்படி வையுங்கள். தெறிப்பு வலையிலிருந்து வருவதில்லை, கீற்றின் ஓரங்களிலிருந்து வரும், அடைப்பை எடுங்கள். அலமாரித் தரை ஈரமானால் எங்கிருந்து என்று தேடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒயர்கள் எல்லாம் பிளக்கைவிடத் தாழ்ந்து ஒரு வளைவு போட்டு மேலேற வேண்டும். ஒயர் வழியே இறங்கும் துளி வளைவிலேயே சொட்டிவிடும். இந்த இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவுமின் துண்டிப்பான் (ஆர்.சி.சி.பி., மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிப்பது) இல்லாமல் ஸ்கிரப்பர் வைக்காதீர்கள். மீன் தொட்டிக்குள் கைவிடும் பொழுதுபோக்கில் இதற்குச் சமரசமே கிடையாது.

நீலப்பச்சைத் தோல்போல உரிகிறது, சேற்று நாற்றம்

அது பாசி அல்ல, சயனோபாக்டீரியா என்னும் பாக்டீரியா வகை. நீரோட்டம் மந்தமான மூலையில் தொடங்கும். தோலை உரித்து எடுத்து, வலையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, நீரோட்டத்தைக் கூட்டுங்கள்.

விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன

இருட்டில் பாசியும் பிராணவாயுவைத்தான் உறிஞ்சும். ஸ்கிரப்பர் விளக்கும் தொட்டி விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தால் இரவு முழுவதும் எல்லோரும் உறிஞ்சுகிறார்கள், யாரும் கொடுப்பதில்லை. டைமரை மாற்றி, தொட்டி விளக்கு அணையும்போது ஸ்கிரப்பர் விளக்கு எரியும்படி வையுங்கள். கோடையில் இன்னொரு லாபம்: விளக்கின் சூடு பகல் வெயிலோடு சேராது.

அறுவடை செய்த மறுநாள் தண்ணீர் மஞ்சளாகக் கலங்குகிறது

வலையைச் சம்ப்புக்கு மேலேயே வைத்துச் சுரண்டுகிறீர்கள். நசுங்கிய பாசியின் சாறு நேரே தொட்டிக்குள் போகிறது. மோட்டாரை நிறுத்தி, வலையைக் குழாயோடு கழற்றி ஒரு தட்டில் ஏந்திக் குளியலறைக்குக் கொண்டுபோங்கள். காலாவதியான ஏ.டி.எம். கார்டு இதற்கு மிகப் பொருத்தமான கருவி: உலோகம்போல வலையை அறுக்காது, விரலைவிட வேகம். மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. ஈரக் கம்பளிபோல் சுருண்டு வரும். நறுக்கிய புல் வாசனை அடிக்கும். அழுகல் வாசனை வந்தால் ஒரு வாரம் தாமதித்துவிட்டீர்கள். வலை வெள்ளையாகும்வரை தேய்க்க வேண்டாம், மெல்லிய பச்சை நிழல் எஞ்சட்டும். அதிலிருந்துதான் அடுத்த பயிர். பிறகு குழாய்த் தண்ணீரில் அலசி, நத்தை முட்டைகள் இருக்கிறதா என்று பார்த்து மாட்டிவிடலாம். தண்ணீர் ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டிருந்தால் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் கரித்துகளைச் சில நாள் சம்ப்பில் போட்டால் தெளியும்.

எடுத்த பாசியை மீனுக்கே போடலாமா என்று கேட்பார்கள். மலாவி சிக்லிட்டுகளில் பல, பாறைப் பாசியைக் கொறித்தே வாழ்ந்த இனம், ஆவலாகத் தின்னும். ஆனால் அத்தனையும் போட்டால் வெளியேற்றியதையே திரும்ப ஊற்றுகிறோம். நான் ஒரு விரற்கடை அளவு கிள்ளித் தொட்டியில் போடுவேன். மீதி மொட்டைமாடிக் கறிவேப்பிலைக்கு.